கொளஞ்சி கட்டிய வேப்பிலை

என் தங்கை கொளஞ்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் நாலாவது வரை படித்தவன். ஆனாலும் தெருவில் ஒரு வீட்டில் காய்ச்சல் கண்டால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வயதில் புருஷனை அம்மைக்குக் கொடுத்துவிட்டு என் வீட்டுக்கு வந்தவள். அதற்காக மாரியம்மனைக் கோபித்துக்கொள்ளவில்லை. அம்மை கண்ட வீட்டுக்கெல்லாம் போவாள். அம்மை இறங்கித் தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரை பக்கத்திலேயே இருந்து விசிறுவாள். அவள் வேப்பிலை கட்டிய வாசலை யாரும் தாண்ட மாட்டார்கள், உள்ளேயும் சரி, வெளியேயும் சரி. அதில் எனக்குப் பெருமை உண்டு.

எங்கள் தெருவுக்குப் பின்னால் தோட்டி சந்து. பன்னிரண்டு வீடு. எல்லோருக்கும் மேரியில் கக்கூஸ் வாரும் வேலை. நகராட்சியை நாங்கள் இன்றைக்கும் மேரி என்றுதான் சொல்வோம். சந்தில் இருப்பது ஓர் உப்புக் கிணறு. குடிதண்ணீருக்கு எங்கள் தெருக் குழாய்க்கு வந்து, நாங்கள் எல்லோரும் பிடித்த பிறகு, யாராவது ஊற்றினால் வாங்கிக்கொள்வார்கள்.

1957 ஆனி மாதம், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. சந்திலிருந்து அம்மாவாசை எங்கள் கொல்லைப்புறம் வந்து நின்றான்.

"அம்மா, சின்னப்பாப்பாவுக்கு ஒடம்பு நெருப்பா கொதிக்குது. நாலு வூட்டுல படுத்துட்டாங்க. வந்து பாரும்மா."

சின்னப்பாப்பா அவன் மனைவி. எங்கள் தெருப் பெண்கள் யாரும் அந்தச் சந்துக்குள் போனதில்லை. கொளஞ்சி போனாள். சின்னப்பாப்பாவின் கழுத்தில் இருந்தது வேர்க்குரு. ஆத்தா முத்து போடுகிறாள் என்று நினைத்துவிட்டாள். நாலு வாசலுக்குக் கட்ட வேப்பிலை போதவில்லை. சந்து முனையில் குறுக்கே ஒரே கயிறாகக் கட்டிவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலமே அவளும் படுத்தாள், மறுநாள் நானும். ஐந்து நாள் எழுந்திருக்க முடியவில்லை. உடம்பில் ஒரு முத்துகூட இல்லை. வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுப் பார்வதி கஞ்சி கொண்டுவந்தாள்.

"ஊரெல்லாம் புளூ காய்ச்சலாம் அக்கா. மில்லுல பாதித் தறி நிக்குதாம்."

கொளஞ்சி கஞ்சியைக் கீழே வைத்தாள். "சந்துக்கு யாரு தண்ணி ஊத்துறது?"

"நீதான வேப்பில கட்டுன? ஆத்தா இருக்கற எடத்துக்கு எவ போவா? அம்மாவாசை கயித்துக்கிட்ட குடத்த வெச்சு ரெண்டு நாளு கூப்புட்டுக்கிட்டு இருந்தான். அப்புறம் சத்தமில்ல. கக்கூஸ்தான் நாறுது."

"எங்களுக்கும் காச்ச தான். நீ வந்தியே."

"நீ நம்ம தெருவாச்சே அக்கா."

கொளஞ்சி சுவரைப் பிடித்து எழுந்தாள். குழாயில் ஒரு குடம் பிடித்தாள். இன்னொன்றை நான் எடுத்துக்கொண்டேன். சந்து முனையில் கோவில் தர்மகர்த்தா தணிகாசலம் நின்றிருந்தார்.

"கட்டுனத அவுக்காத கொளஞ்சி."

"இது ஆத்தா இல்ல மாமா. நான் தப்பா சொல்லிட்டேன்."

"தப்போ சரியோ, கட்டுனது நல்லதாப் போச்சு. காச்ச அடங்கற வரைக்கும் இருக்கட்டும்."

அவள் குடத்தைக் கீழே இறக்கி வைத்தாள். முடிச்சு அவள் போட்டதுதான். இறுகிப்போய் அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள்.

மூன்று வீட்டில் பிணம் கிடந்தது. அம்மாவாசை மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான்.

"நேத்து காலையில போயிட்டா. தண்ணி தண்ணின்னா. நான் கயித்த தாண்டப் போனேன். அந்தம்மா கட்டுனது, தாண்டுனா ஆத்தாளுக்கு ஆகாதுன்னு அவதான் காலப் புடிச்சிக்கிட்டா."

கொளஞ்சி அங்கேயே உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, உயிரோடு இருந்தவர்களுக்கு வீடு வீடாகத் தண்ணீர் கொடுத்தாள். மூன்று பிணங்களையும் தூக்க எங்கள் தெருவிலிருந்து என்னைத் தவிர ஒருவரும் வரவில்லை.

ஆடியில் கூழ் ஊற்றக் கோவிலுக்குக் கூப்பிட்டார்கள். சந்துக்காரர்களும் குழாயில் முறை வைத்துத் தண்ணீர் பிடிக்கட்டும், வருகிறேன் என்றாள். தணிகாசலம் சிரித்துவிட்டுப் போனார். அதோடு அவளைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அவளும் வேப்பிலையைத் தொடுவதில்லை. சாமி அறையில் விளக்கை நான்தான் ஏற்றுகிறேன்.

ஐந்து வருஷமாகத் தினமும் விடியற்காலையில் வரிசையில் முதல் ஆளாக நின்று, பிடிக்கும் குடங்களைச் சந்துக்குக் கொண்டுபோகிறாள். தெருவில் ஏசாதவர்கள் இல்லை. அவளுக்கு அண்ணன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. சந்தில் மற்ற வீட்டார் வாங்கிக்கொள்கிறார்கள். அம்மாவாசை மட்டும் கதவைத் திறப்பதில்லை. வாசலில் குடத்தை வைத்துவிட்டு வருவாள். சாயங்காலம் போய்ப் பார்ப்பாள். வைத்தபடியே நிறைந்திருக்கும்.