மயிலாப்பூரிலிருந்து அடையாறு மிஷினுக்கு ஒரு ரத்தக் குழாய்

மெட்ராசுக்கு டி.வி. வந்த வருடம் அது. எமர்ஜென்சி வந்ததும் அதே வருடம்தான். மயிலாப்பூரில் ஒரு நர்சிங் ஹோமில் நான் அட்டெண்டர். அடையாற்றில் ஒரு லேபுக்கு, ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் தானியங்கி மிஷின் சோதனைக்கு வந்திருந்தது. கையால் செய்தால் மூன்று மணி நேரம்; மிஷினுக்குக் கால் மணி. இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் வாங்குவார்கள். அதற்காக ஒரு மாதம், தினமும் நோயாளிகளின் ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களைச் சைக்கிளில் கொண்டுபோனேன். எனக்கு எழுத்து தெரியாது. எது யாருடையது என்பதை, குழாயில் கட்டிய நூலின் நிறம்தான் சொல்லும்.

ஒரு நாள் காலை, சிவப்பு நூல் என் மனைவி தனத்தினுடையது. இன்சுலின் போட்ட பிறகு வேர்த்துக் கொட்டி, நினைவு தப்பி, எங்கள் வார்டிலேயே கிடந்தாள்.

மயிலாப்பூர் குளத்தருகே கிளம்பும்போது ஆறே முக்கால். மந்தைவெளி வழியாக அடையாறு பாலம் தாண்டி ஐந்து கிலோமீட்டர். ஏழு பத்துக்கு லேபில் இருந்தேன். (பாலத்தில் எதிர்காற்று இருக்கும், சைக்கிளில் போகிறவர்கள் பத்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.)

லேபில் மிஷினை ஓட்டியவள் சரோஜா. "இன்னாண்ணே, மூஞ்சி இப்புடி கீது?"

"தனத்துக்கு மயக்கம்மா. செவப்பு நூலு அவளுது. அத்த மொதல்ல வுடு."

"மிஷினுக்கே சிபாரிசா?" என்று சிரித்தாள். "மிஷினு சரியா காட்டுதான்னு பாக்க சர்க்கரைத் தண்ணி ஓடிக்கினு கீது. அடுத்தது வெறும் தண்ணி. அப்பாலதான் ரத்தம். வரிசைய மாத்துனா டாக்டர் கத்துவாரு."

"வெறும் தண்ணிக்கு இன்னா அவசரம்? அது பின்னால போவட்டும்."

மாற்றினாள். நூற்றுப் பத்து என்று வந்தது. நர்சிங் ஹோமுக்குப் போனில் சொன்னோம். சர்க்கரை சரியாகத்தான் இருக்கிறது என்று குளுக்கோஸ் ஏற்றாமல், மூளையில் கோளாறா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்து மணிக்குக் கைக்கணக்கு வந்தது: முப்பத்தெட்டு, இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. அதன் பிறகு குளுக்கோஸ் ஏற்றினார்கள். தனம் கண் திறக்கவில்லை. மறுநாள் போய்விட்டாள்.

காரியம் முடிந்து நான் போனபோது சரோஜா சொன்னாள்: "கைக்கணக்கு வந்தப்பறம், வெறும் தண்ணி வுட்டுட்டு அதே ரத்தத்த மறுபடி ஓட்டுனேண்ணே. முப்பத்தெட்டுதான் வந்துச்சு. அந்த வெறும் தண்ணி மிஷினு உள்ள கழுவுறதுக்காம். முன்னாடி போன சர்க்கரை உள்ளாரவே ஒட்டிக்கினு இருந்திருக்குது." எங்கள் இருவருக்கும் அதை முன்பே யாரும் சொல்லவில்லை.

மிஷின் தப்பு என்று லேப் டாக்டர் எழுதினார். அதைக் கட்டி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகும் பல வருடம் மயக்கத்தில் வந்தவர்கள் மூன்று மணி நேரம் காத்துக் கிடந்தார்கள். நாங்கள் வாய் திறக்கவில்லை.

ரத்தம் கொண்டுபோகிறவர்கள் குலுக்காமல் கொண்டுபோங்கள். லேபில் எவ்வளவு பழக்கம் இருந்தாலும் நம் ஆளை முன்னால் விடச் சொல்லாதீர்கள். ஆளின் நிலையும் கணக்கும் ஒத்துவராவிட்டால் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள்.

டாக்டர் போய்விட்டார். போனை எடுத்த நர்சும் போய்விட்டார். வரிசையை மாற்றியது என்னைத் தவிரத் தெரிந்த ஒரே ஆள், வேளச்சேரியில் மகன் வீட்டில் இருக்கும் சரோஜா.