சூட்டுக்கு இறைத்த தண்ணீர்

பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறினால் எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வருவதில்லை. காட்டேரிக்குப்பத்தில் எங்கள் வீட்டுத் தோட்டத்துக் கிணறும், அதன் அருகே ஒன்றும் புரியாமல் நின்ற பத்து வயதுச் சிறுமியான நானும்தான் ஞாபகத்துக்கு வருகிறோம்.

அடியில் கிடக்கும் ஊசியும் தெரியும் என்று அப்பா பெருமையடிக்கும் கிணறு அது. தெருவிலேயே முதலில் "கக்கூசு" கட்டியவரும் அவர்தான். அம்மா தண்ணீர் தூக்கி நடக்க வேண்டாமே என்று கிணற்றிலிருந்து நாலு எட்டில் குழி வெட்டினார். நல்ல மனசுதான், யாரைக் குறை சொல்ல?

அந்த மழைக்காலம் முடிந்த கையோடு ஐந்து வயதுத் தங்கை செல்விக்கு வயிற்றுப்போக்கு கண்டது. "சூடு புடிச்சிக்கிச்சிடி, வேற ஒண்ணும் இல்ல. கெணத்துத் தண்ணிய அப்பப்ப எறச்சி ஜில்லுனு குடு," என்றாள் அம்மா. மேல்தண்ணீர் வெயில் பட்டுச் சூடாகியிருக்கும் என்று வாளியை ஆழத்தில் இறக்கி முகந்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, டம்ளர் டம்ளராக நானே புகட்டினேன். புகட்டப் புகட்டப் போக்கு அதிகமானது. அதிகமாக அதிகமாக நான் இன்னும் இறைத்தேன். நான்காம் நாள், கண் குழிந்து அழவும் தெம்பில்லாமல் கிடந்தவளைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா டவுன் பஸ்ஸுக்கு ஓடினார்.

அவள் ஆஸ்பத்திரியில் இருக்கையில் ஒரு நர்ஸம்மா வீட்டுக்கு வந்து எங்கள் தண்ணீரைச் சோதனை மருந்து போட்ட சின்ன பாட்டிலில் ஊற்றி வைத்துவிட்டுப் போனார். இரண்டாம் நாள் அது கன்னங்கரேலென்று கறுத்திருந்தது.

"கக்கூசுக் குழித் தண்ணி கெணத்துல எறங்குதுங்க. கிருமி இருந்தாத்தான் இப்படிக் கறுக்கும்," என்றார் நர்ஸம்மா.

"பாட்டுலு அழுக்கா இருந்திருக்கும்," என்று அப்பா சண்டைக்குப் போனார்.

"வடிகட்டித்தான குடுத்தேன்?" என்றேன் நான்.

"துணியில கிருமி நிக்காதும்மா. காய்ச்சியில்ல குடுக்கணும்?"

கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கொட்ட ஏற்பாடு செய்தார் நர்ஸம்மா. நான் எட்டிப் பார்த்தேன். என் முகம் கிணற்றில் பளிச்சென்று தெரிந்தது. பளிச்சென்ற தண்ணீர் கெட்டது, நெடியடிக்கும் பவுடரைக் கொட்டிய தண்ணீர் நல்லது என்றால் எதைத்தான் நம்புவது? அந்தக் குழப்பம் எனக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை.

செல்வி பிழைத்து வந்தாள். பவுடர் நெடி போனதும் பாட்டில் மறுபடி கறுத்ததால் கிணற்றையே மூடிவிட்டார்கள். ராட்டினம் எங்கே போனதோ, இன்று சிமெண்டு மூடியின் மேல் வாஷிங் மிஷின் நிற்கிறது.

போன மாதம் வந்திருந்த செல்வி, கேன் தண்ணீரைக் குடித்துவிட்டு முகம் சுளித்தாள். "இன்னா தண்ணிக்கா இது! எனக்கு முடியாதப்ப எறச்சி எறச்சிக் குடுத்தியே, அந்த ருசி வருமா? நீ இல்லன்னா நான் அன்னிக்கே போயிருப்பேன்."

டம்ளரை வாங்கி, இன்னும் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தேன்.