பிறந்தநாளுக்குக் கலர் முட்டை

முட்டை அவிக்கத் தெரியாதவள் என்று என்னை யாரும் சொன்னதில்லை. கல்யாணமாகி இந்தக் கள்ளக்குறிச்சி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ முட்டை அவித்திருக்கிறேன். எதுவும் என்னைப் படுத்தியதில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்துப் படுத்தியவை, போன வருடம் என் மகளின் பதின்மூன்றாவது பிறந்தநாளுக்கு அவித்த முட்டைகள்தான்.

போனில் ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறாள். முட்டையை அவித்து, பாதியாக வெட்டி, மஞ்சள்கருவை எடுத்துவிட்டு, வெள்ளையைக் கலர் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். ரோஸ், நீலம், பச்சை என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். பிறகு மஞ்சள்கருவை மயோனைஸ், மிளகுத்தூளோடு மசித்து, பூப்பூவாகத் திரும்ப அதிலேயே பிழிய வேண்டும். அதன் இங்கிலீஷ் பெயரில் பிசாசு வருகிறது என்று அவளே சொன்னாள். என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு, பிறந்தநாளும் அதுவுமாகப் பிசாசை எதற்கு வீட்டுக்குள் கூப்பிடுகிறாய் என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குக் கலர் முட்டை என்று பெயர்.

எதற்கு இந்த வேலை, வழக்கம்போல் பிரியாணி போட்டுவிடுகிறேன் என்றேன். பிரியாணி என்றதும் அவள் முகம் சுருங்கிவிட்டது. 

காரணம் இருந்தது. அதற்கு முந்தின பிறந்தநாளுக்குப் பழைய பள்ளிக்கூடத்துத் தோழிகள் மூன்று பேரைக் கூப்பிட்டிருந்தாள். நான் காலையிலிருந்து அடுப்படியில் வெந்து பிரியாணி செய்தேன். வந்த பிள்ளைகள் ஜூஸைக் குடித்தார்கள், தட்டைத் தொடவில்லை. ஒருத்திக்கு வயிறு சரியில்லையாம். அடுத்தவளுக்கும் வயிறு சரியில்லையாம். மூன்றாவது பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, தனக்கும் அப்படித்தான் என்றாள். மூன்று வயிறுகள் ஒரே மாலையில் சொல்லிவைத்தது போல் கெட்டுப்போன அதிசயத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவர்கள் போனபிறகு என் மகள் கேட்டாள்: “நம்ம வூட்டு சாப்பாடுன்றதாலயாம்மா?”

அப்படியெல்லாம் இல்லை என்று சொன்னேன். எனக்கே நம்பிக்கையில்லாமல் சொன்னது அவளுக்கும் தெரிந்திருக்கும். அதன்பிறகு அந்த மூன்று பேரோடும் அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். ஜூனில் பள்ளிக்கூடத்தையே மாற்றினோம். பஸ் வசதி என்று கேட்டவர்களிடம் சொன்னோம்.

புதுப் பள்ளிக்கூடத்தில் ஆறு தோழிகள். அந்த ஆறு பேரும் நம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். புது டிரஸ்கூடக் கேட்கவில்லை. பாய் வீட்டுக் கறி என்றால்தான் யோசிப்பார்கள், முட்டையைச் சத்துணவிலேயே போடுகிறார்கள், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள், அதிலும் கலர் கலராக இருந்தால் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனசு வராது என்று எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை இதையெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது. சரி, செய்து தருகிறேன் என்றேன்.

என் வீட்டுக்காரருக்கு எவர்சில்வர் பாத்திரக்கடை. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு கடைக்கு அவ்வப்போது சரக்கு கொண்டுபோய்ப் போடுவார். வெறும் கையோடு திரும்பும் வழக்கம் கிடையாது. தேன், சாமை, புளி என்று எதையாவது தூக்கிக்கொண்டு வந்து, டவுன்காரன் கண்ணில் இதெல்லாம் படுமா என்று பெருமை பேசுவார். இந்த முறை பிறந்தநாளுக்கு முதல் நாள் போனவர், ஒரு கூடை நிறைய வைக்கோல் போட்டு நாட்டுக்கோழி முட்டையோடு வந்து இறங்கினார்.

“காலைல போட்ட முட்டை, சூடு கூட ஆறல,” என்றார். “கேட்ட வூட்ல எல்லாம் இந்தாங்கன்னு எடுத்துக் குடுத்தாங்க. எப்பவும் ரெண்டு மூணுக்கே மூக்கால அழுவாங்க.”

சனிக்கிழமை காலையில் அடுப்பில் வைத்தேன். அவிந்தது. உரிக்க உட்கார்ந்தேன். ஓட்டோடு சேர்ந்து வெள்ளையும் பிய்ந்துகொண்டு வந்தது. முதல் முட்டையைப் பார்த்து என் நகம்தான் சரியில்லை என்று நினைத்தேன். இரண்டாவதில் மஞ்சள்கரு எட்டிப்பார்த்தது. குளிர்ந்த தண்ணீரில் போட்டேன். உப்புப் போட்டு மறுபடி கொதிக்கவைத்தேன். ஸ்பூனை உள்ளே விட்டு நெம்பினேன். எலி கடித்தது மாதிரி குழிகுழியாகத்தான் வந்தது. இதில் எங்கே கலர் ஏற்றுவது, எங்கே பூப் பிழிவது?

வீட்டுக்காரர் கடைக்குக் கிளம்பும்போது எட்டிப்பார்த்தார். நான் அவித்த லட்சணம் சரியில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, தானே ஒன்றை எடுத்து உரித்தார். பாதி முட்டை ஓட்டோடு போனது. மீதியை வாயில் போட்டுக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கூடையை அப்படியே அவர் தலையில் கவிழ்த்திருப்பேன்.

மகள்தான் போனில் தேடிப் பார்த்தாள். அன்றன்றைக்குப் போட்ட முட்டையை அவித்தால் ஓடு ஒட்டிக்கொள்ளுமாம். கொஞ்சம் நாள்பட்ட முட்டைதான் வழுவழுவென்று உரியுமாம். அதைக் கேட்டதும் அவர் கொதித்துப்போனார்.

“நல்ல முட்டைய வெச்சிக்கினு பழைய முட்டைய தேடிப் போறது ஊர்லயே நீங்க ரெண்டு பேருதான்,” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

தெருமுனை மளிகைக்கடைக்குப் போனேன். பழைய முட்டை இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் முகம் மாறிவிட்டது. என் கடையில் பழைய சரக்கே வைப்பதில்லை, யார் உங்களிடம் சொன்னது என்று சண்டைக்கு வந்தார். எனக்குப் பழசுதான் வேண்டும் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னபிறகு குரலைத் தாழ்த்தினார். முட்டை அட்டைகள் உள்ளே தேங்கிக் கிடக்கின்றன, இந்த மாதம் முட்டையை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்றார். ஏன் என்று கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்கு இருந்த அவசரத்தில், நம் அதிர்ஷ்டம் என்று நினைத்து இரண்டு அட்டை வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

அந்த முட்டைகள் சொன்ன பேச்சைக் கேட்டன. மகள் பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்தாள். பக்கத்துக் காலிமனை வேலியில் படர்ந்திருந்த சங்குப்பூவைப் பறித்துவந்து வெந்நீரில் போட்டதும் நல்ல நீலம் வந்தது. நீலத்தில் கொஞ்சம் மஞ்சள்தூளைக் கலந்தால் பச்சை. கிண்ணம் கிண்ணமாக வெள்ளைகள் ஊறின. என் விரல்கள் ஒவ்வொன்றும் ஒரு நிறமாயின. மருதாணிக்குச் சுருட்டுவோமே, அதே மாதிரி பாலிதீன் கவரில் கோன் சுருட்டி, மசித்த மஞ்சள்கருவை அடைத்து, அவளே உட்கார்ந்து பிழிந்தாள். ஒவ்வொரு பூவுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து எல்லோரையும் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்த எனக்கே, தட்டில் அடுக்கிப் பார்த்தபோது மனசு நிறைந்துவிட்டது. கூடவே பேக்கரியில் சொல்லி வாங்கிய கேக், முட்டை வைத்த சாண்ட்விச். ஒரு குறையும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு மணிக்கு ஆறு பேரும் வந்தார்கள். பலூன் ஊதினார்கள், பாட்டுப் பாடினார்கள், கேக் வெட்டினார்கள். முட்டைத் தட்டு வந்ததும் ஒரே ஆரவாரம். ஆளாளுக்குப் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, தட்டோடு ஒன்று. நான் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். படம் பிடித்து முடிந்தது. யாரும் கையை நீட்டவில்லை. கேக் துண்டுகளும் டிஷ்யூ பேப்பருக்குள் அப்படியே இருந்தன. என் மகள் தட்டை ஒரு பெண்ணின் முன்னால் நீட்டினாள்.

“வேணாம்டி, வயிறு சரியில்ல,” என்றாள் அந்தப் பெண்.

மகள் தட்டோடு சமையலறைக்கு வந்தாள். மேடையில் வைத்தாள். அழவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்ததும் என் பொறுமையெல்லாம் பறந்துவிட்டது. ஈரக் கையைத் துடைக்காமல்கூட வெளியே போனேன். சின்னப் பிள்ளைகள் என்றும் பார்க்கவில்லை.

“எங்க வூட்ல சாப்புட இன்னா கஷ்டம் உங்களுக்கு? நேராவே சொல்லுங்க,” என்றேன்.

ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வயிறு சரியில்லை என்ற அந்தப் பெண்தான் எழுந்தாள். கண் கலங்கியிருந்தது.

“ஆன்ட்டி, புரட்டாசி மாசம். அதுவும் சனிக்கெழம. முட்டை, கறி எதுவும் சாப்புட மாட்டோம். கேக்குலயும் முட்டை இருக்கும்ல? நீங்க இவ்ளோ கஷ்டப்பட்டு செஞ்சிருக்கீங்க, எப்டி சொல்றதுன்னு தெரியல.”

நான் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். புரட்டாசி என்றால் எங்களுக்குத் தெரிந்தது, கறிக்கடையில் கூட்டம் இருக்காது, போனவுடன் கறி கிடைக்கும் என்பதுதான். அது கறிக்கடையின் மாதம் என்பது போல இருந்துவிட்டோம். வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் அந்த மாதம் உண்டு என்பது கடைத்தெருவிலேயே பிழைப்பு நடத்துகிற என் வீட்டுக்காரருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. மலையில் எல்லா வீட்டிலும் முட்டையை ஏன் தாராளமாகக் கொடுத்தார்கள், மளிகைக்கடையில் ஏன் தேங்கிக் கிடந்தது என்று அப்போதுதான் விளங்கியது. எனக்கு எதன் மீது எரிச்சல் படுவது என்றே தெரியவில்லை.

பின்னால் வந்து நின்றிருந்த மகள் மெதுவாகக் கேட்டாள்: “அப்ப போன வாட்டியும் புரட்டாசிதானம்மா?”

பிறந்தநாள் வருடாவருடம் அதே தேதியில்தான் வருகிறது. ஆமாம் என்றேன். மூன்று பிள்ளைகள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு வருடம் நாங்கள் வெந்திருக்க வேண்டியதில்லை. நாங்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் வெந்திருக்க வேண்டியதில்லை.

சரி, பசியோடு யாரையும் அனுப்பமாட்டேன், சோறு வடித்துப் பருப்பு கடைகிறேன் என்று எழுந்தேன். பிள்ளைகள் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். அந்தப் பெண் மட்டும் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்று போன் போட்டாள். அந்த அம்மாள் பேசியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. தாராளமாகச் சாப்பிடு, ஆனால் கறி சமைக்கும் பாத்திரமாக இருக்குமே, இந்த மாதம் நாம் தனியாகத்தானே வைத்துப் புழங்குகிறோம், என்ன செய்யலாம் என்று யோசித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் தேய்த்துக் கழுவுகிற பாத்திரத்தில் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறதாம்? சமையலறைக்குள் போய் மகளிடம் அடிக்குரலில் பொரிந்து தள்ளினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

“சாப்புடாதன்னு சொல்லலியேம்மா. எப்டி சாப்புடறதுன்னு தான யோசிக்கிறாங்க.”

சொல்லிவிட்டு அப்பாவின் கடைக்குப் போன் போட்டாள். “அத்தா, சோறு வடிக்க ஒரு குண்டான், பருப்புக்கு ஒண்ணு, வறுக்க ஒரு வாணலி, கரண்டி, ஏழு தட்டு. எல்லாம் புதுசா எடுத்துக்கினு வாங்க. ஒடனே.”

அவர் வந்தபோது தட்டுகளில் ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் வாயைத் திறந்தவர், என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். பிள்ளைகளே உட்கார்ந்து ஸ்டிக்கரைச் சுரண்டினார்கள். சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், தயிர். ஏழு பேரும் கூடத்தில் வட்டமாகத் தரையில் உட்கார்ந்தார்கள். வயிறு சரியில்லாத பெண்தான் இரண்டாவது முறை சோறு கேட்டாள். என் மகள் சாப்பிட்டதைவிட அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்ததுதான் அதிகம். பருப்பில் உப்பு கொஞ்சம் கூடிவிட்டது. அதைச் சொல்லக்கூட அந்த மகராசிகளுக்கு வாய் வரவில்லை.

எல்லோரும் போனபிறகு நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து நீலத்திலும் பச்சையிலும் முட்டை தின்றோம். காலையில் பிய்ந்துபோன மலை முட்டைகள் வேறு பொடிமாஸாகக் காத்துக்கொண்டிருந்தன. வீட்டுக்காரர் கழுவிவைத்த தட்டுகளைத் துணியால் துடைத்து அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். ஒரு வேளைதானே புழங்கியது, தள்ளுபடி விலையில் போட்டுவிடலாம் என்றார். வியாபார புத்தி எங்கே போகும்? நான் வாயைத் திறப்பதற்குள் மகள் பெட்டியை அவர் மடியிலிருந்து இழுத்துக்கொண்டாள்.

“இது அடுத்த புரட்டாசிக்கு. ஏழு பத்தாதுத்தா, இன்னும் மூணு தட்டு கொண்டாங்க. பழைய ஸ்கூல் பொண்ணுங்களையும் கூப்புடப்போறேன்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் முட்டையைப் பார்த்தேன். அவள் தட்டுகளைப் பேப்பரில் சுற்றி, பெட்டியை மூடி, ஸ்டூலைப் போட்டுப் பரணுக்கு ஏறினாள். பரணில் ஏற்கெனவே கால் வைக்க இடமில்லை என்று கத்த வாயெடுத்தேன். கத்தவில்லை. எழுந்து போய், ஆடிக்கொண்டிருந்த ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.