மூலையில் இருந்த நாக்கா

இன்று காலை அலுவலகத்தில் கணினியைத் திறந்தால் இடது கீழ் மூலையில் ஒன்றுமே இல்லை. நேற்று மாலைவரை அங்கே ஒரு பொத்தான் இருந்தது. உங்களுக்கும் தெரிந்ததுதான், ஸ்டார்ட் பொத்தான். இரவோடு இரவாக எல்லாருக்கும் புதுப் பதிப்பை ஏற்றிவிட்டார்களாம். இப்போது திரை முழுக்கப் பெரிய பெரிய வண்ணச் சதுரங்கள், யாரோ குளியலறைக்கு ஓடு பதித்துவிட்டுப் போன மாதிரி. பக்கத்து இருக்கை அமோல் ஒரு மணி நேரமாக அதை நிறுத்த வழி தேடிக்கொண்டிருந்தான். "அரே, ஹா பந்த் கஸா கராய்ச்சா?" இதை எப்படி நிறுத்துவது என்று மூன்றாவது முறை கேட்டபோது அவன் குரலில் அழுகை எட்டிப் பார்த்தது.

புதுசு என்றால் எனக்குக் கொஞ்சம் பைத்தியம், அதைச் சொல்லிவிடுகிறேன். எந்தப் புதுப் பதிப்பு வந்தாலும் மற்றவர்கள் பெயரைக் கேட்பதற்கு முன்னால் நான் அதைப் போட்டுப் பார்த்து, கெடுத்து, மறுபடி போட்டிருப்பேன். அப்படிப்பட்ட என் கையும் இன்று பழக்கத்தில் மூலைக்குப் போய், அங்கே ஒன்றும் தட்டுப்படாமல் நின்றது. வாய் தானாகவே கேட்டது. "நாக்கா எங்க?"

"கோண்தா நாக்கா?" எந்த நாக்கா என்று அமோல் ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நாக்கா என்றால் நாலு சாலை கூடுகிற முனை. புனேயில் எந்த ஆட்டோக்காரனிடமும் வழி சொல்ல அந்தச் சொல் இல்லாமல் முடியாது. ஆனால் கணினித் திரையில் நாக்கா இருந்தது ஒரே ஒருத்திக்குத்தான். அவள் என் அம்மா.

நாங்கள் புனேயின் போபோடியில் இருந்தோம். அப்பாவுக்குப் பக்கத்தில் கட்கியில் தொழிற்சாலை வேலை. அம்மா எங்கள் கல்லியின், அதாவது சந்தின், கடைசியில் இருந்த தகர ஷெட்டில் வேலை பார்த்தாள். மோட்டார் பம்புகளுக்கு வைக்கிற ரப்பர் வளையங்களை எண்ணி, பவுடர் தூவி, பையில் போட்டுக் கட்டுகிற வேலை. இன்றைக்கும் புது சைக்கிள் டியூப் வாசனை எங்காவது வந்தால் எனக்கு அம்மாவின் முந்தானைதான் நினைவுக்கு வரும். வளையல்மேல் எப்போதும் வெள்ளைப் பவுடர் படிந்திருக்கும். எங்கள் வீட்டுத் தமிழ் ஆம்பூர்ப் பக்கத்துத் தமிழ். அதற்குள் மராட்டியும் இந்தியும் தாராளமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அம்மா வாசலில் காய்காரரிடம் மராட்டியில் ஆரம்பித்த சண்டையை உள்ளே வந்து என்னிடம் தமிழில் முடிப்பாள்.

ஷெட்டில் ஒரு கணினி இருந்தது. டெம்போ தளேகாவ் தொழிற்சாலைகளுக்குச் சரக்கு எடுத்துப் போக வேண்டுமானால் அச்சடித்த சலான் கையில் வேண்டும். இல்லாவிட்டால் கேட்டில் உள்ளே விடமாட்டார்கள். அதை அடிக்கிற குமாஸ்தா ஒரு நாள் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். இனி யார் செய்வது என்று முதலாளி சேட் பொதுவாக ஷெட்டைப் பார்த்துக் கேட்டாராம். மற்றவர்கள் குனிந்து வளையம் எண்ணினார்கள். அம்மா பவுடர்க் கையைத் துடைத்துக்கொண்டு, "மீ கர்தே" என்றாள். நான் செய்கிறேன்.

"உனக்குத் தெரியுமாம்மா?" என்று சாயங்காலம் நான் கேட்டேன்.

"நீதான் ஸ்கூல்ல படிக்கிறியே, சொல்லிக் குடு. செருப்ப வெளிய கழட்டி வெச்சிட்டுத்தானே உள்ள போறீங்க? அவ்ளோ மரியாதையா இருக்கிற சாமான் என்னை இன்னா பண்ணிடப் போவுது?"

உண்மைதான். அந்தக் காலத்தில் பள்ளிக் கணினி அறைக்குச் செருப்போடு போக முடியாது. நாங்கள் வெறுங்காலோடு குளிர்ந்த தரையில் நின்று, பிளாஸ்டிக் உறையைத் தூக்குகிற டீச்சரை, கோயிலில் திரை விலகுவதைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்போம்.

ஞாயிற்றுக்கிழமை சேட் ஷெட்டைத் திறந்துவிட்டார். நான் ஒன்பதாவது படிக்கிற மேதாவி. மெனு, புரோகிராம், ஃபோல்டர் என்று புத்தகத்தில் இருந்ததையெல்லாம் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அம்மா எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. ஊரில் எட்டாவதுவரை தமிழில் படித்தவள். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துத்தான் படிப்பாள். மூலையில் இருந்த அந்தச் சாம்பல் நிறப் பொத்தானையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் அழுத்திக் காட்டினேன். பட்டியல் மேலே எழும்பியது. அம்பைப் பக்கத்தில் கொண்டுபோனதும் வலது புறம் இன்னொரு பட்டியல் கிளைத்தது. அதிலிருந்து இன்னொன்று.

"ஏ, இது நம்ம நாக்காடி!" என்றாள். "இங்கேர்ந்துதான் எல்லா எடத்துக்கும் போவணும். மேல ஏறுனா கல்லி. கல்லிக்குள்ள இன்னொரு கல்லி."

அப்புறம் எங்கள் நாக்காவில் இருந்த இடங்களின் பெயரையே அவள் எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டாள். சலான் அடிக்கிற புரோகிராம் மாவு மில். பிரிண்டர் போஸ்ட் ஆபீஸ். "நாக்காவுலேர்ந்து மேல ஏறு, ரெண்டாவது கல்லியில வலது பக்கம் திரும்பு, மாவு மில்லு." மவுஸ் வழுக்கிப் பட்டியல் மறைந்துபோனால், "கல்லி மூடிக்கிச்சு" என்று சிரித்துக்கொண்டு மறுபடி நாக்காவிலிருந்து கிளம்புவாள். படித்துப் போகவில்லை, நடந்து போனாள். நம்மூரில் யார்தான் தெருப் பலகையைப் படித்து வீட்டுக்குப் போகிறோம்?

அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அது நடந்தது. புனேயில் வேலை செய்கிற பெண்களை எல்லாரும் மௌசி என்றுதான் கூப்பிடுவார்கள். மௌசி என்றால் சித்தி, பிரியமான சொல்தான். பாத்திரம் தேய்ப்பவர் மௌசி, ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவர் மௌசி, ரப்பர் வளையம் கட்டுபவரும் மௌசி. நாற்காலியில் உட்காருபவருக்கு அந்தப் பெயர் கிடையாது. கண்பத் என்று ஒரு டெம்போ டிரைவர். அவர்தான் முதல் வாரமே ஜன்னலில் தலையை நீட்டி, "மேடம், சலான் ஜாலா கா?" என்று கேட்டவர். சலான் தயாரா, மேடம்?

அன்றைக்கு அம்மா வீட்டுக்கு வந்து அதை அப்பாவிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. அடுப்புக்கு முன்னால் நின்று, குழம்பைக் கிண்டிக்கொண்டே, தனக்குத்தானே ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். "மேடம்." நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், "இன்னாடி பாக்குற, போய்ப் படி" என்றாள். மறுநாளிலிருந்து பருத்திப் புடவையைக் கஞ்சி போட்டுக் கட்டினாள். வளையலில் பவுடர் இல்லை. ஆயுத பூஜைக்கு மானிட்டரின் நெற்றியில் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டாள். அந்தப் பொட்டு வருஷம் முழுக்க அழியாமல் இருந்தது.

சில வருஷங்கள் கழித்து ஒரு மழைக்காலத்தில் அந்தக் கணினிமேல் இடி இறங்கியது. புதுசு வாங்கினார்கள். புதுசென்றால் முகமும் புதுசு. நீல வானம், பச்சைப் புல்மேடு, மூலையில் மிட்டாய் மாதிரி வழவழப்பான பச்சைப் பொத்தான். நான் அப்போது கல்லூரியில் கணினி படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் புல்மேட்டை எங்கள் ஆய்வுக்கூடத்தில் முதலில் பார்த்த அன்று மதியம் சாப்பிடவே போகவில்லை. அம்மாவும் அதைப் பார்க்கப் போகிறாள் என்று எனக்கு ஒரே குஷி.

சாயங்காலம் அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நாக்காவுக்குப் பெயின்ட் அடிச்சிருக்கான்னு நெனச்சேன்டி. அழுத்துனா கல்லியே இல்ல. ரெண்டு பீரோ பக்கத்துல பக்கத்துல வந்து நிக்குது. காலையில மாவு மில்லு மேல இருந்திச்சு. மத்தியானம் கீழ கீது. யாருடி அத எடுத்து எடுத்து வெக்கிறது?"

"அதுவே மாத்திக்கும்மா. எத ஜாஸ்தி யூஸ் பண்றோமோ அது மேல போவும்."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஜாஸ்தி ஒழைக்கிறவங்க மேல போறாங்களா? எங்க ஷெட்டுல அப்படி ஒண்ணும் நடக்கலியே."

சிரித்தோம். ஆனால் அவள் விரல்கள் புடவை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தன. அவளுக்கு எதை இழக்கப் போகிறோம் என்பது அன்றே தெரிந்திருக்கிறது.

பழைய முகத்தைத் திரும்பக் கொண்டுவர உள்ளே ஒரு வழி வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போய் அதை மாற்றிக் கொடுத்தேன். புல்மேடு போனது, சாம்பல் பொத்தான் வந்தது, கல்லிகள் வலது புறம் கிளைத்தன. அம்மா திரையை முந்தானையால் ஒரு தடவை துடைத்தாள். சில வாரங்கள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மேடம், சலான் ஜாலா கா? ஜாலா.

பிறகு சேட்டின் தங்கை மகன் நிலேஷ் விடுமுறைக்கு வந்தான். கெட்டவன் இல்லை. என் வயது, என் படிப்பு, என்னைப் போலவே எதையும் சும்மா விடாத கை. சேட் சலானில் ஏதோ பார்க்கச் சொல்லி உட்கார வைத்திருக்கிறார். அவன் திரையைப் பார்த்து, "ஹே காய் ஜுனாட்?" என்றானாம். இதென்ன பழங்காலத்து வேலை? இரண்டே சொடுக்கில் புல்மேட்டைத் திரும்ப வரவழைத்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபோது நாக்கா மறுபடியும் பச்சை. வெளியே கண்பத்தின் டெம்போ சரக்கேற்றி நிற்கிறது. தளேகாவில் கேட் மூடுவதற்குள் போக வேண்டும். அம்மா பச்சைப் பொத்தானை அழுத்தி, மாவு மில் வழக்கமாக இருக்கிற இடத்தை நம்பி அழுத்தினாள். அங்கே இப்போது வேறொன்று இருந்தது, மின்னஞ்சல் அனுப்புகிற புரோகிராம். அது ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து அம்மாவின் பெயரைக் கேட்டது.

இதை அம்மா பிற்பாடு என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் வெட்கமும் இருந்தது. "எத்தனை வருஷமா வேல செய்யறேன், ஒரு நாளாவது என் பேரு இன்னான்னு கேட்டிருக்கா அது? புதுசு மரியாத தெரிஞ்சதுன்னு நெனச்சேன்டி. ஒவ்வொரு எழுத்தா அடிச்சேன்." பெயரை அடித்து அடுத்ததை அழுத்தினால் அது இன்னொன்று கேட்டது, மின்னஞ்சல் முகவரி. அவள் ஊர்ப் பெயரை அடித்தாள். அது ஒப்புக்கொள்ளவில்லை. மறுபடி அடித்தாள். வெளியே ஹாரன். ஜன்னலில் கண்பத்தின் தலை, அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு டிரைவர்கள். சேட் எழுந்து வந்தார். நிலேஷும் வந்தான். திரையில் அம்மாவின் பெயர் இருந்ததைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேண்டுமென்று சிரிக்கவில்லை, பாவம், வந்துவிட்டது. நாற்காலியின் முதுகில் கை வைத்துச் சொன்னான்.

"ராஹூ தே, மௌசி. மீ கர்தோ."

விடு மௌசி. நான் செய்கிறேன். வேலையைக் கேட்டு வாங்கிய அன்று அம்மா சொன்னதும் கிட்டத்தட்ட அதே சொல்தான்.

சலான் வந்தது, டெம்போவும் போனது, கேட் மூடுவதற்குள் சேர்ந்தும்விட்டது. யாரும் அம்மாவைத் திட்டவில்லை. இரண்டு நாள் நிலேஷ் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் கட்டும் மேஜையில் கை கொடுங்கள், அங்கே ஆள் குறைவு என்று சேட் நயமாகத்தான் சொன்னார். விடுமுறை முடிந்து நிலேஷ் போனான். அந்த நாற்காலிக்கு வேறொரு பையன் வந்தான்.

"ஞாயித்துக்கிழம நான் போய் மாத்திட்டு வரேம்மா" என்று குதித்தேன்.

"வேணாம். நீ எத்தினி வாட்டி ரோடு போடுவ? அவன் எத்தினி வாட்டி தோண்டுவான்?"

அந்த வருஷ ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். கத்தரிக்கோலுக்கு வைத்தாள், தராசுக்கு வைத்தாள், டேப் உருளைக்கு வைத்தாள். கணினி மேஜைப் பக்கம் போகவில்லை.

கண்பத் நல்ல மனிதர். மற்ற டிரைவர்கள் எல்லாரும் மாறிய பிறகும் அவர் மட்டும் கட்டும் மேஜைக்கு வந்து, "மேடம், மால் தயார் கா?", சரக்கு தயாரா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ரொம்ப நாள் கேட்டார். ஒரு நாள் அம்மா சாப்பாடு போடும்போது, ரசத்தைக் கலக்கிக்கொண்டே, வானிலை சொல்கிற மாதிரி சொன்னாள்.

"இன்னிக்குக் கண்பத்தும் மௌசின்னுட்டாரு."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அம்மா எனக்கு ரசம் ஊற்றினாள். அம்மா பிறகு எந்தக் கணினியையும் தொடவில்லை. நான் முதல் சம்பளத்தில் வாங்கியதைக்கூடத் துணி போட்டு மூடி வைத்தாள், அவ்வளவுதான்.

இன்று மதியத்துக்குள் எங்கள் அலுவலகமே கொதித்துவிட்டது. மாடிக்கு மாடி புகார். இணையத்தைத் திறந்தால் உலகம் முழுக்க இதே கூச்சல், எங்கே எங்கள் பொத்தான் என்று. சாப்பாட்டு வேளைக்கு முன்பே அமோல் யாரோ எழுதி வைத்திருந்த ஒரு குட்டி மென்பொருளைக் கண்டுபிடித்து எல்லாருக்கும் அனுப்பினான். போட்டதும் பழைய பொத்தான் மூலையில் வந்து உட்கார்ந்தது. கைதட்டினார்கள். எங்களில் யாரையும் யாரும் நாற்காலியைவிட்டு எழச் சொல்லவில்லை. நான் அதைப் போடாமல் அந்த வெற்று மூலையைப் பார்த்துக்கொண்டே வேலையை முடித்தேன்.

இப்போது கோந்த்வாவில் இருக்கிறோம், அம்மா என்னோடு. போபோடியில் சாலையை அகலப்படுத்தியபோது அந்த ஷெட் போய்விட்டது, எங்கள் நாக்காவும்தான். சிமென்ட்டுச் சாலை நிற்காமல் ஓடுகிறது. மாவு மில் எங்கே போனது என்று கேட்கக்கூட அங்கே தெரிந்தவர்கள் யாருமில்லை.

சாயங்காலம் வந்து சொன்னேன். "அம்மா, கம்ப்யூட்டர்ல நாக்காவையே எடுத்துட்டாங்க."

அம்மா வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தினாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தச் சொல் அவளுக்கு உடனே புரிந்தது.

"நாக்காவே இல்லன்னா ஆளுங்க எங்கேர்ந்துடி கெளம்புவாங்க?"

அதற்குள் அவளுடைய போன் அடித்தது. கிரெடிட் கார்டு விற்கிற ஏதோ ஒரு பெண். அம்மாவுக்குக் கார்டும் வேண்டாம், கடனும் வேண்டாம். ஆனால் இந்த அழைப்புகளை அவள் ஒரு நாளும் பாதியில் வெட்டியதில்லை. ஏன் என்று நான் கேட்டதும் இல்லை. கத்தியைக் கீழே வைத்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தப் பெண் "மேடம்" என்று ஆரம்பித்தாள்.