சொந்த ஊர் இந்தியா என்று எழுதிய அக்கா

முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேரை அக்கா தொட்டிலில் போட்டு ஆட்டியிருப்பார். மீதிப் பேரைத் திட்டியிருப்பார். இரண்டையும் நிறையவே பெற்றவன் நான், அவருடைய ஒரே தம்பி. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். அம்மா இறந்தபோது அவருக்குப் பதினொரு வயது, எனக்கு மூன்று. அப்பா வேலைக்குப் போன பின் எனக்குச் சோறூட்டித் தலைவாரி வளர்த்தவர் அவரே. அங்கே எங்களை 'இந்தியாக்காரர்' என்று ஒதுக்கி வைத்தார்கள். அப்பாவோ இந்தியாவை இந்தியா என்று சொன்னதே இல்லை. தோட்டத்தில் எல்லாரையும் போல 'ஊர்' என்றுதான் சொல்வார். "ஊருக்குப் போனா எல்லாம் சரியாயிரும்" என்பார். இரண்டு அரசுகளும் செய்த ஒப்பந்தப்படி ஒரு நாள் கப்பலேறி ஊருக்கு வந்தோம். மண்டபம் முகாமிலிருந்து சேரம்பாடிப் பக்கம் தோட்ட வேலைக்கு அனுப்பினார்கள். அதே தேயிலை, அதே மழை, அதே அட்டைக்கடி. பெயர் மட்டும் மாறியது. இங்கே நாங்கள் 'சிலோன்காரர்'.

அக்கா முதலில் கொழுந்தெடுத்தார். பிறகு, தாய்மார்கள் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்தில் ஆயாவானார். அதை எல்லாரும் கிரெச் என்றார்கள்; அக்காவுக்கு அது, ஹட்டனில் சொன்னதுபோல, பிள்ளைக் காம்பராதான். கடையில் ரொட்டியையும் கடைசிவரை 'பாண்' என்றே கேட்டார். முதலில் சிரித்த கடைக்காரர் பிற்பாடு தானே 'பாண்' என்று விற்க ஆரம்பித்துவிட்டார்.

திருமணமாகி ஒரே மகள் வசந்தாவைப் பெற்றார். வசந்தா பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நர்சிங் சேர, சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். அக்காவுடன் தாலுகா அலுவலகத்துக்கு நானும் போனேன். படிவத்தில் 'சொந்த ஊர்' என்ற இடத்தில் அக்கா தயங்காமல் 'இந்தியா' என்று எழுதினார். எழுத்தர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"ஏனுங்கம்மா, இந்தியா ஒரு ஊருங்களா? கோயமுத்தூரு ஊரு, கூடலூரு ஊரு."

"அங்க எங்களுக்கு ஊருன்னா இதுதாங்க ஐயா. அப்பா இதைத்தான் ஊரு ஊருன்னு கதைப்பாரு."

"இந்தியாக்காரங்களா இருந்தா ஊரு பேரு தெரியாம இருக்குமுங்களா? நீங்க சிலோன்காரங்க. சர்டிபிகேட்ட அங்கயே போய் வாங்கிக்குங்க."

மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. 'ங்க' போட்டுத்தான் எங்களை நாட்டை விட்டுத் துரத்தினார்.

"இந்தியாக்காரங்கன்னு சொல்லித்தானே ஐயா அங்க கப்பல் ஏத்துனாங்க" என்றார் அக்கா. நான் மேசையைத் தட்டி எழுந்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "கத்தாதடா. நீ கத்துனா பிள்ளை படிப்புத்தான் போகும்."

மேலே கேட்டதற்கு, எங்கள் தாத்தா பிறந்த ஊரில் போய் வாங்கி வரச் சொன்னார்கள். அவர் துறையூர்ப் பக்கம் என்பதற்கு மேல் யாருக்கு என்ன தெரியும்? சேர்க்கைத் தேதி கடந்துவிட்டது. அந்த ஆண்டு வசந்தா கூடை மாட்டிக் கொழுந்தெடுக்கப் போனாள். அக்கா அழுது நான் பார்த்தது அவள் போன அந்த முதல் நாளில்தான்.

ஆனாலும் அவர் விடவில்லை. கப்பலேறும்போது கொடுத்த குடும்ப அட்டையை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, லீவு போட்டுவிட்டு அலுவலகம் போய் நின்றார். மழையிலும் நின்றார். மறுவருடம் அந்த எழுத்தரே சலித்துப்போய்க் குறிப்பெழுதி மேலே அனுப்ப, சான்றிதழ் வந்தது. அக்கா அவருக்கு ஒரு பொட்டலம் தேயிலைத்தூள் கொண்டுபோய்க் கொடுத்தார். நான் மூன்று நாள் அக்காவிடம் பேசவில்லை.

வசந்தா நர்ஸ் ஆனாள். சிறுநீரகம் கெட்டு அக்கா படுத்த மாதங்களில் அவளே பார்த்துக்கொண்டாள். "மெதுவாக் குத்துடி, ஒரு வருசம் லேட்டாப் படிச்சவதானே நீ" என்று அப்போதும் கேலி செய்வார். அந்தக் குரல் இல்லாத வீடு எனக்கு வீடாகவே இல்லை.

வண்டி தந்த தோட்டத்துத் தோழர்களுக்கும், இரத்தம் கொடுத்த இளைஞர்களுக்கும், இறுதி நாளில் அடுப்பைப் பற்றவைக்க விடாமல் சோறு கொண்டுவந்த எங்கள் வரிசை லைன் வீட்டுப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த நன்றிப் பட்டியலில் பெரும்பகுதியை அக்கா படுத்திருந்தபோதே சொல்லி வைத்திருந்தார். "யாரையும் விட்டுறாதடா. அந்த ஆபீஸ்காரருக்கும் நன்றி சொல்லிரு, கடைசில எழுதிக் குடுத்தது அவருதானே" என்றார். அக்கா சொன்னதில் நான் செய்யாமல் விடுவது இந்த ஒன்றைத்தான்.