மாடு உதைக்கல, மேடம்

பால் பண்ணையில் அடிபடாதவர்கள் இரண்டே பேர்: முதலாளியும், அடிபட்டவர்களைப் பற்றி எழுதுகிறவளும். வேப்பம்பட்டுக்கு அப்பால் உள்ள ஒரு பண்ணையில் நான் இரண்டாவது ரகம். பி.காம். படித்த என் பொறுப்பில் விபத்துப் பதிவேடும் முதலுதவிப் பெட்டியும் இருக்கின்றன. யாரும் தேடி வராத மேஜையில் நீங்களும் உட்கார்ந்திருக்கிறீர்களா? பக்கத்தில் இன்னொருவரைச் சுற்றி எப்போதும் கூட்டமா? அப்படியானால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

பிரிக்காத பஞ்சு

இந்த வருஷத் தொடக்கம். தீவனம் வெட்டும் முனுசாமி அண்ணன் கையில் ரத்தக்கறையோடு ஒரு துணி. பஞ்சுகூடப் பிரிக்காத பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "ஊட்ல தேங்கா உரிக்கசொல்ல பட்டுச்சு மேடம்" என்று கையை லுங்கி மடிப்பில் மறைத்துக்கொண்டார்.

அரை மணி நேரம் கழித்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதே கை, கறவைப் பிரிவைக் கவனிக்கும் செல்வி அக்காவின் முன்னால் சமர்த்தாக விரிந்திருந்தது. அவர் வெந்நீரில் கழுவிக்கொண்டிருந்தார். முனுசாமி அண்ணன் சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது: "மெஷின் சீவிடுச்சுக்கா. அந்த மேடத்தாண்ட சொல்லிடாத."

அக்காவும் மேடமும்

செல்வி அக்கா என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவர். அவர் எல்லாருக்கும் அக்கா, நான் எல்லாருக்கும் மேடம். ஒருநாள் துணிந்து, சாப்பாட்டு டப்பாவோடு பெண்கள் உட்காரும் வேப்பமரத்தடிக்குப் போனேன். பேச்சு நின்றுவிட்டது. செல்வி அக்கா வந்ததும் திரும்ப ஆரம்பித்தது. ஒருவரின் குதிகாலில் இருந்த முள்ளை அவர் ஊக்கால் எடுத்துக்கொண்டிருந்தார். என் பெட்டியில் அதற்கென்றே புத்தம்புது இடுக்கி இருந்தது. நான் ஓர் ஊக்கைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

முள் வெளியே வந்ததும் அந்த அம்மா என்னைப் பார்த்துக் கனிவாகக் கேட்டார்: "நீங்க ஏன் மேடம் வெயில்ல? உள்ள ஃபேன் கீதே."

ராணி கால் மாற்றியது

போன மாதம் பால் கறக்கும் கன்னியம்மாவின் வலது மணிக்கட்டு உடைந்தது. ராணி என்ற மாட்டின் கீழே உட்கார்ந்திருந்தபோது நடந்தது. ஆறு வாரம் கட்டு. தினக்கூலிக்காரருக்கு ஆறு வாரம் என்றால் அடுப்பு எரியாது. பண்ணையின் காப்பீட்டில் நஷ்டஈடு கேட்டு மனுப் போடலாம். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். 'காரணம்: மாடு உதைத்தது' என்று அழகாக எழுதி அவர் வீட்டுக்கே எடுத்துப் போனேன். கைநாட்டு வைக்க மாட்டேன் என்றார்.

செல்வி அக்கா ஒரு வார்த்தை சொன்னால் வைத்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். மூன்று நாள் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் இதுவும் அவர் வாங்கிக் கொடுத்ததாக ஆகிவிடும் என்ற எண்ணம்தான். அந்த மூன்று நாளும் நானே போய்க் கெஞ்சினேன். கன்னியம்மா மூன்று நாளும் ஒரே பதிலைச் சொன்னார்: "ராணி உதைக்கல மேடம். கால மாத்தி வச்சுது. நான்தான் குறுக்க கைய வச்சிட்டேன்."

கறுப்பி

வியாழக்கிழமை வேறு வழியில்லாமல் செல்வி அக்காவிடம் போனேன். பால் கேன் கழுவிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "கறுப்பி இன்னா ஆச்சு, தெரியுமா?" என்றார்.

கறுப்பி போன வருஷம் ஒருவரின் முழங்காலைப் பெயர்த்த மாடு. பதிவேட்டில் அதன் பெயரைக்கூட விடாமல் எழுதியவள் நான்தான். மறுவாரம் அது தொழுவத்தில் இல்லை. வயதாகிவிட்டது, விற்றுவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன். மேனேஜர் என் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் விற்றார் என்று அக்கா சொன்னார். முழங்கால் பெயர்ந்தவரே மாட்டுக்காக ரெண்டு நாள் சாப்பிடவில்லையாம். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, என்னைத் தவிர.

"நீ எழுதுனா யாராவது ஒர்த்தர் போய்டறாங்க. மாடோ, மனுசனோ. அதான் எல்லாரும் ஊட்ல பட்டுச்சுன்றாங்க."

பாய்

நேராக ராணியின் கொட்டடிக்குப் போய்க் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். பார்ப்பது ஒன்றுதான் எனக்கு ஒழுங்காக வரும். கீழே போட்டிருந்த ரப்பர் பாய் கண்ணாடிபோலத் தேய்ந்திருந்தது. சாக்கடை அடைத்து, தண்ணீர் தேங்கியிருந்தது. பாயில் குளம்பு சறுக்கிய நீளமான கீறல். அது கன்னியம்மாவின் முக்காலி இருக்கும் இடத்தில் முடிந்தது. ராணி உதைக்கவே இல்லை. வழுக்கியிருக்கிறது.

'பாய் தேய்ந்து தரை வழுக்கியதால்' என்று புதிதாக எழுதினேன். கன்னியம்மா மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். ராணி மேல் ஒரு குற்றமும் இல்லை என்று உறுதியானபிறகு இடது பெருவிரலை வைத்தார். மேனேஜர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்னம்மா இது, இதுக்கு மாட்டை விக்க முடியாதே, பாயைத்தானே மாத்தணும்."

முதல் ஆள்

மனு நாளுக்குள் போனது, நஷ்டஈடும் வந்தது, ராணியின் காலடிக்குப் புதுப் பாயும் வந்தது. கன்னியம்மா செல்வி அக்காவுக்கு மல்லிகைப்பூ வாங்கி வந்தார். எனக்கு அவரிடமிருந்து ஒரு சிரிப்பு மட்டும். பூ வாசம் அன்று முழுக்க ஆபீஸ்வரை வந்து என்னைப் படுத்தியது.

நேற்று மத்தியானம் கதவருகே நிழல் தட்டியது. முனுசாமி அண்ணன். வைக்கோல் வாரும் முள்கரண்டி பாதத்தில் இறங்கியிருந்தது. ரத்தம் சொட்ட, என் மேஜைக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். "அக்காவாண்ட இன்னும் காட்டல மேடம். மொதல்ல நீங்க பாருங்க."

அடுத்தவர் காலில் ரத்தத்தைப் பார்த்து ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்பட்டாள் என்று எழுத, நல்லவேளை, அந்தப் பதிவேட்டில் கட்டம் இல்லை.