பந்துக் கங்காணி

தெல்தெனியப் பக்கமிருந்து கோப்பி ஏற்றிவரும் மாட்டுவண்டிகள் விடியும்போதே கண்டி அம்பிட்டிய ரோட்டுக் கோப்பி ஸ்டோர் வாசலில் வரிசை கட்டிவிடும். வண்டிமேல் நிற்பவன் மூட்டையைத் தள்ளிவிட, கீழே நிற்பவன் அதை நெஞ்சில் வாங்கித் தோளுக்கு ஏற்றி உள்ளே கொண்டுபோய் அடுக்க வேண்டும். அந்த வேலையில் பழனியாண்டியை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு மூட்டைகூட அவன் கையைவிட்டு நழுவியதில்லை. ஆனால் அடுத்த மூட்டை வரும்வரை அவனால் சும்மா நிற்க முடியாது. வண்டியை ஒருமுறை சுற்றி வருவான், மாட்டின் கழுத்தைத் தடவுவான், வாசல்வரை போய் ரோட்டைப் பார்த்துவிட்டு ஓடி வருவான்.

"நின்னு மூச்சு விடுடா! பாக்கிற எனக்கே தலை சுத்துது" என்று வண்டிமேல் நிற்கும் அவனுடைய கூட்டாளி கணபதி கத்துவான்.

ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தேழில் மழை ஓய்ந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஸ்டோரின் கணக்கப்பிள்ளை ராஜலிங்கம் சால்வையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"பழனியாண்டி, கெதியா வா. துரைக்கு ஒரு ஆள் குறையுது."

"என்னா வேலைங்க ஐயா?"

"வேலை இல்லை, விளையாட்டு. வா எண்டா வா."

போகம்பறைத் திடலில் வெள்ளைச் சிப்பாய்கள் பதினொரு பேர் பந்தை உதைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு எதிராக ஸ்டோரின் வெள்ளைக்காரச் சின்னத்துரை பத்துப் பேரைச் சேர்த்திருந்தார். கோலுக்குள் நிற்க வேண்டியவன் காலையில் குதிரையிலிருந்து விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டுவிட்டான். இரண்டு கம்பங்களை நட்டு, அவற்றின் உச்சியில் ஒரு நாடாவைக் குறுக்கே கட்டியிருந்தார்கள். அதன் நடுவே பழனியாண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு ராஜலிங்கம் விளங்கப்படுத்தினார்.

"நீ மட்டும் கையாலை பிடிக்கலாம். மற்றவன் ஒருத்தனும் கை வைக்கேலாது. பந்து இந்த ரெண்டு தடிக்கும் நடுவாலை போகக் கூடாது. விளங்குதே?"

"மூட்டை மாதிரி பிடிச்சாப் போதுங்களா?"

"ஓம், மூட்டையெண்டே நினை."

முதல் பந்தை அவன் அப்படியே நெஞ்சில் வாங்கினான். வாங்கிய கையோடு ஆறடிச் சிப்பாய் ஒருவன் தோளால் இடித்து, பந்தும் ஆளுமாக அவனைக் கம்பங்களுக்கு அப்பால் தள்ளினான். சிப்பாய்கள் தொப்பியைத் தூக்கி ஆரவாரித்தார்கள். பழனியாண்டி மண்ணைத் துப்பியபடி எழுந்தான்.

"ஐயா, இடிப்பாங்கன்னு நீங்க சொல்லலையே?"

"எனக்கும் இப்பதான் தெரியும்" என்றார் ராஜலிங்கம்.

இரண்டாவது முறையும் இடித்துத் தள்ளினார்கள். மூன்றாவது முறை இடிப்பவன் வந்து சேருமுன் பந்தைத் தூர வீசிவிட்டு விலகிக்கொண்டான். இடிக்க வந்தவன் தானே போய் விழுந்தான். பிறகு பந்து தன்னிடம் வரும்வரை காத்திருக்கவும் அவனுக்குப் பொறுக்கவில்லை. கம்பங்களை விட்டுப் பத்துப் பதினைந்து அடி ஓடிப்போய், உதைப்பவனின் காலடியிலேயே விழுந்து பந்தைப் பிடுங்கினான். சின்னத்துரையின் ஆட்கள் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றார்கள். தோற்ற பிறகும் சின்னத்துரை அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஸ்டோரில் இதற்குமுன் எந்தத் துரையும் எந்தக் கூலியாளின் கையையும் தொட்டதில்லை. திங்கட்கிழமைவரை அதே பேச்சாக இருந்தது.

அன்று தொடங்கி ஐந்து வருஷம் சனிக்கிழமை தவறாமல் பழனியாண்டி கோலுக்குள் நின்றான். நின்றான் என்று சொல்வதும் சரியில்லை. பந்து எதிர்க் கோடியில் இருக்கும்போது இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பத்துக்கு நடந்துகொண்டே இருப்பான். கம்பங்களுக்கு நடுவே புல் முளைக்கவே இல்லை. இடையில் வேலாயியைக் கல்யாணம் பண்ணினான். அவள் ஸ்டோரில் கோப்பிக்கொட்டை பொறுக்குகிறவள். விரல்கள் வேலை செய்துகொண்டிருக்க நாள் முழுதும் ஒரே இடத்தில் அசையாமல் உட்காரக்கூடியவள். புருஷன் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கூலியாட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் நடந்தபடி சோறு தின்பதைப் பார்த்து முதல் மாதம் சிரித்தாள். இரண்டாம் மாதம் திட்டினாள். மூன்றாம் மாதம் விட்டுவிட்டாள்.

எண்பத்திரண்டாம் ஆண்டு ஐப்பசியில், சேறாகிக் கிடந்த திடலில், இரண்டு சிப்பாய்கள் ஒரே நேரத்தில் அவன்மேல் மோதினார்கள். கம்பத்துக்கும் ஓர் ஆளின் முழங்காலுக்கும் இடையில் அவன் வலது மணிக்கட்டு அகப்பட்டது. அம்பிட்டியவில் இருந்த சிங்கள வைத்தியர் வெதமாத்தயா மூன்று மாதம் எண்ணெய் போட்டுக் கட்டினார். எலும்பு கூடியது. கை மடங்கவில்லை. மூட்டை பிடிக்கவும் முடியாது, பந்து பிடிக்கவும் முடியாது.

ஸ்டோரில் அவனைக் கோப்பிக் களத்துக்கு மாற்றினார்கள். காயும் கொட்டையை இரண்டு மணிக்கொரு தரம் பலகையால் கிளறிவிட வேண்டும். மற்ற நேரம் களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து மழைக்கு வானம் பார்க்க வேண்டும். யாரும் ஆசைப்படும் வேலைதான். அவனுக்கு அது தண்டனையாக இருந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கிளறினான். "கொட்டையைத் தேய்ச்சே மாவாக்கிப்போடுவாய்" என்று ராஜலிங்கம் ஏசினார்.

அந்த வருஷம் களத்துக்கு வந்த கோப்பியும் பாதிதான். இலைகளின் அடியில் மஞ்சள் தூள் பூக்கும் நோய் தோட்டம் தோட்டமாகத் தின்றுகொண்டிருந்தது. துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். சின்னத்துரையும் போனார். போகும்போது பந்தை ஸ்டோர் வாசலில் வைத்துவிட்டுப் போனார். யாருக்கு என்று சொல்லவில்லை. மூன்று நாள் அது அங்கேயே கிடந்தது. நாலாம் நாள் பழனியாண்டி அதை எடுத்துக்கொண்டு ராஜலிங்கத்திடம் போனான்.

"துரைமார் போனா என்னாங்க? நம்ம ஆளுங்களே பதினொரு பேரு விளையாடலாம்."

"ஆர் உங்களைச் சேர்த்து நடத்திறது?"

"நான்தான்."

ஆள் சேர்க்க அவன் நடந்த நடை கொஞ்சமல்ல. மூட்டைக்காரர்களில் ஆறு பேர் வந்தார்கள். கணபதிதான் முதல் ஆள். வண்டிக்காரர்களில் நாலு பேர். கோலுக்கு மட்டும் ஆள் அமையவில்லை. கெலிஓயாவில் ஹபீல் என்றொரு வண்டிக்காரன், ஓடும் வண்டியிலிருந்து விழும் தேங்காயை எட்டிப் பிடிப்பான் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பழனியாண்டி ஏழெட்டு மைல் தூரமும் நடந்தே போனான். ஹபீல் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். வந்த சங்கதியைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"பந்துக்கா இவ்வளவு தூரம் நடந்து வந்தீங்க அண்ணே? பைத்தியம்தான் உங்களுக்கு. வாறேன், இன்ஷா அல்லாஹ். வெள்ளிக்கிழமை மட்டும் கூப்பிடாதீங்க."

பழனியாண்டி கோட்டுக்கு வெளியே நின்று ஆட்டத்தை நடத்தத் தொடங்கினான். யார் எங்கே நிற்பது, யார் யாரை மறிப்பது எல்லாம் அவன் சொன்னபடிதான். காலையில் சொன்னதை மத்தியானம் மாற்றுவான். ஆட்டம் நடக்கும்போது கோட்டின் நீளத்துக்கும் ஓடிக்கொண்டே கத்துவான். உள்ளே நிற்கையில் கைக்கும் காலுக்கும் வேலை இருந்தது. வெளியே நிற்பவனுக்குத் தொண்டை ஒன்றுதான் மிச்சம். கொட்டை பொறுக்கும் பெண்கள் அவனுக்குப் பந்துக் கங்காணி என்று பெயர் வைத்தார்கள்.

அந்தப் பெயரை முதல்முறை கேட்ட அன்று அவன் வீட்டில் தட்டை விசிறியெறிந்தான். ஏழு வயதில் தாயோடு கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கண்டிக்கு நடந்து வந்தவன் அவன். வழியில் தாய்க்குக் காய்ச்சல் கண்டது. கூலிக்கு ஆள் சேர்த்துக் கூட்டிவந்த கங்காணி அவளை வழிப்போக்கர் தங்கும் ஓர் அம்பலத்தில் படுக்கவைத்து, "நாளைக்கு வர்ற கூட்டத்தோட வந்திடுவா" என்று சொல்லி, பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தான். அவள் எந்தக் கூட்டத்தோடும் வரவில்லை.

வேலாயிக்கு இது தெரியும். "பொம்பளைங்க விளையாட்டுக்குச் சொல்றாளுக" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிதறிய சோற்றைக் கூட்டி அள்ளினாள்.

ஒரு வருஷத்துக்குள் ஸ்டோர் ஆட்கள் நன்றாக விளையாடத் தொடங்கினார்கள். எண்பத்து நாலாம் ஆண்டு மாசியில் ரயில்வே ஆட்களோடு ஓர் ஆட்டம் ஏற்பாடாயிற்று. ஸ்டோரை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு அப்போதே இருந்தது. ஜெயித்துக்காட்டினால் மூடுவது நின்றுபோகும் என்பதுபோலப் பழனியாண்டி ஒரு வாரம் தூங்காமல் அலைந்தான். சனிக்கிழமை கணபதி திடலுக்கு வரும்போதே கண் சிவந்திருந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தான்.

"முடியலடா. ராவெல்லாம் குளிரு."

"ஒரு மணி நேரந்தானே. ஓடினா வேர்த்துக் காய்ச்சல் இறங்கிடும்."

"வேற ஆளப் போடேன்."

"வேற ஆளு யாரு இருக்கா? கம்பளியக் குடு. போ."

கணபதி அரை மணி நேரம் ஓடினான். ஒரு தடவை நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "ஓடு, ஓடு!" என்று கோட்டுக்கு வெளியிலிருந்து சத்தம் வந்தது. ஓடினான். அடுத்த பந்துக்குத் திரும்பும்போது முகம் குப்புற விழுந்தான். எழுந்திருக்கவில்லை.

ஹபீல் பந்தைக் கீழே போட்டுவிட்டுக் கோலை விட்டு ஓடிவந்தான். கணபதியைப் புரட்டி நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பழனியாண்டிக்கு முன்னால் வந்து நின்றான்.

"நெருப்பாக் கிடக்கு அண்ணே. உங்களுக்குத் தெரியுமா?"

பழனியாண்டியின் கையில் கணபதியின் கம்பளி இருந்தது.

"அப்ப அந்தப் பொண்டுகள் கங்காணின்னு சொல்றது சரிதான்" என்று சொல்லிவிட்டு, கம்பளியைப் பிடுங்கிக் கணபதிமேல் போர்த்தித் தன் வண்டியை நோக்கி நடந்தான்.

பழனியாண்டி வண்டிக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் ஓடினான், திரும்பி வந்தான், மறுபடி ஓடினான். ஒன்பது பேர் திடலில் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் திரும்பிப் போய் ஒற்றைக் கையோடு கோலுக்குள் நின்றான். ரயில்வே ஆட்கள் ஐந்து கோல் போட்டார்கள். ஒன்றுக்கும் அவன் வெளியே ஓடிவரவில்லை.

மாலையில் கணபதியின் லயத்துக்குப் போனான். கணபதியின் பெண்சாதி சுப்பம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்கு வந்தீக? செத்துட்டானான்னு பாக்கவா?"

"பாத்துட்டுப் போறேன் தங்கச்சி."

"அவரு எந்திரிச்சு வந்து உங்களப் பாக்கட்டும். போங்க."

காய்ச்சல் பத்தொன்பது நாள் அடித்தது. அத்தனை நாளும் பழனியாண்டி தன் களத்து வேலையை வெயில் ஏறுமுன் முடித்துவிட்டு, வண்டியடிக்குப் போய்க் கணபதியின் பங்குக்கு இடது தோளால் மூட்டை சுமந்தான். சம்பளப் பேரேட்டில் கணபதியின் பெயரை வெட்டிவிடாதீர்கள் என்று ராஜலிங்கத்தின் மேசைக்கு முன்னால் நின்று கேட்டான். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவன் மணிக்கட்டைப் பார்த்தார். "வெட்டேல்லை. நீ கையை முறிக்காமல் போ" என்றார். சனிக்கிழமைகளில் பழனியாண்டி யாரையும் ஆட்டத்துக்குக் கூப்பிடவில்லை.

இருபதாம் நாள் கணபதி ஊன்றுகோலோடு களத்துக்கு வந்து திட்டில் உட்கார்ந்தான். பாதியாக இளைத்திருந்தான். பழனியாண்டி முதல்முறையாக, கூப்பிடாமலே, வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எங்கம்மாவ விட்டுட்டு வந்தவன் மேல எனக்கு எவ்வளவு ஆத்திரம்னு உனக்குத் தெரியும்" என்றான். "அன்னிக்கு உன் நெத்தியில கைகூட வச்சுப் பாக்கல நான்."

கணபதி கொட்டைகளைக் காலால் அளைந்தான். "ரயில்வேக்காரன் எத்தினி போட்டான்?"

"அஞ்சு."

"அஞ்சா! நான் இருந்திருந்தா மூணுதான்."

அதற்குமேல் அதைப்பற்றி இருவரும் பேசவில்லை. ஆனால் ஹபீல் மறுபடி வர இரண்டு மாதமாயிற்று. பழனியாண்டி மூன்று முறை கெலிஓயாவுக்கு நடக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவனிடமும் போய், "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டு, நெற்றியையும் தொட்டுப் பார்த்தான். சிலர் கேலி பண்ணினார்கள். கேலியைக் கேட்டுக்கொண்டே அடுத்தவன் நெற்றிக்குப் போனான். கத்துவதை மட்டும் அவனால் விட முடியவில்லை.

எண்பத்தைந்தில் ஸ்டோரை மூடினார்கள். பதினொரு பேரில் நாலு பேர் ஊருக்குக் கப்பலேறினார்கள். கணபதி சுப்பம்மாவோடு தேயிலை போட்ட ஒரு தோட்டத்துக்குப் போனான். ராஜலிங்கம் யாழ்ப்பாணம் திரும்பினார். ஹபீல் வண்டியோடு கெலிஓயாவில் இருந்தான். பழனியாண்டி இரண்டு மாதம் கண்டித் தெருக்களில் வேலை தேடி நடந்தான். அப்புறம் தெல்தெனியப் பக்கம் கோப்பியைப் பிடுங்கித் தேயிலை நடும் தோட்டமொன்றில் நாற்றுமேடைக்குத் தண்ணீர் விடும் வேலை கிடைத்தது. கங்காணி வேலைக்கும் ஆள் கேட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டான்.

அங்கே சமதரையே இல்லை. வேலை முடிந்த நேரங்களில் மலைச்சரிவை வெட்டி அவனே ஒரு திடல் போட்டான். முடிக்க ஒரு வருஷமாயிற்று. தோட்டத்து ஆட்களுக்கு விளையாட்டைச் சொல்லிக்கொடுத்து, கண்டியிலிருந்து வரும் ஆட்களோடு மோதவிட்டான். பதினொரு வருஷம் அந்தக் கூட்டத்தை நடத்தினான். ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம். வலுவாக உதைத்தால் பந்து சரிவில் உருண்டு ஆற்றுப்பக்கம் போய்விடும். ஆட்டக்காரர்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேலே நிற்பார்கள். அவர்களில் யாராவது அசையுமுன் பழனியாண்டி செடிகளுக்கிடையே பாதி தூரம் இறங்கியிருப்பான்.

"அந்தப் பயலுகள அனுப்பினா என்னா?" என்று மேலேயிருந்து வேலாயி கேட்பாள்.

"அவனுங்க இளைப்பாறட்டும்" என்று கீழேயிருந்து குரல் வரும்.